மின்கலமும் மின்னேற்றியும்

செகிஞ்சான் வயல்களில் ஆளில்லா வானூர்திகள் மருந்து தெளிப்பதைக் கண்டிருக்கிறோம். அவற்றைப் போலவே வானொலி அலையால் இயங்கும் விளையாட்டு விமானங்களுக்கும் மின்கலமே உயிர். முன்பு நிக்கல் காட்மியம்; இன்று பெரும்பாலும் லித்தியம் பாலிமர்.

இதன் ஓர் அறை நிறைந்தால் 4.2 வோல்ட், மூன்று அறைக் கலத்திற்கு 12.6 வோல்ட். தோட்டத்தில் கார் பேட்டரியால் தொலைக்காட்சி பார்த்த பெற்றோர்கள், 'இதுவும் 12 வோல்ட்தானே' என எண்ணக்கூடும். அன்று! கார் பேட்டரி மின்னேற்றி 14 வோல்ட்டுக்கு மேலும் செலுத்தும். கலம் உப்பித் தீப்பற்றலாம். புக்கிட் செந்தோசாவின் வரிசை வீடுகளோ ஒன்றோடொன்று ஒட்டியவை. ஆகவே, லித்தியத்திற்கென்றே அமைந்து, ஒவ்வோர் அறையையும் சமன்செய்யும் மின்னேற்றியையே நாம் வாங்குதல் வேண்டும். 2200 மில்லி ஆம்பியர் மணிக் கலத்திற்கு 2.2 ஆம்பியர் போதும். ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அதுவரை பெரியவர் ஒருவர் அருகிருத்தல் அவசியம். உப்பிய கலத்தை மீண்டும் ஏற்றலாகாது.