முகமும் பொருளும்

உள்ளத்தில் ஒன்றை எண்ணி உதட்டால் வேறொன்றைக் கூறுவோர் எல்லா நாட்டிலும் உளர். அவர்களைக் குறிக்கும் சொற்களோ மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. ஆங்கிலத்திலுள்ள அத்தகைய சொற்களையும் பழமொழிகளையும் உக்ரேனிய மொழியில் பெயர்க்கும் முறை அறிந்து இன்புறத்தக்கது.

பாசாங்கு செய்வோனை ஆங்கிலேயர் 'ஹிப்போகிரிட்' என்பர். அது கிரேக்க மொழியில் நாடக நடிகனைக் குறித்த சொல்லின் வழிவந்தது. உக்ரேனியர் அவனை 'லித்செமிர்' என்பர். இச்சொல்லின் முற்பகுதி முகத்தைக் குறிக்கும். முகத்தை மாற்றிக்கொள்பவன் என்பதே இதன் பழம்பொருள் என்பர் மொழிநூலார். ஒரு சொல் நாடக மேடையை நினைப்பூட்டுகிறது. மற்றொன்று முகத்தை நினைப்பூட்டுகிறது. ஆயினும் இரண்டும் சுட்டும் மனிதன் ஒருவனே. ஆதலின் ஒன்றற்கு ஒன்று நேராகப் பொருந்துகின்றது.

விவிலியத்தினின்று தோன்றிய தொடர்களும் எளிதிற் பெயர்வன. 'ஆட்டின் உடையணிந்த ஓநாய்' என்று ஆங்கிலம் கூறுவதை, 'ஆட்டுத் தோலில் ஓநாய்' என்று உக்ரேனிய மொழி கூறும். இங்கு உடை தோலாயிற்று, பொருள் மாறவில்லை.

பழமொழிகள் எல்லாவற்றுக்கும் இவ்வெளிமை இல்லை. கரிபடிந்த பானை ஒன்று, தன்னைப்போலவே கரிபடிந்த கெண்டியைக் கறுப்பென்று பழித்ததாம். இஃது ஆங்கிலப் பழமொழி. இதற்கு ஈடாக உக்ரேனிய மக்கள் வழங்குவது, "எவருடைய பசுவும் கத்தட்டும், உன் பசு வாய் திறவாதிருக்கட்டும்" என்பதாகும். இதில் பானையும் இல்லை, கெண்டியும் இல்லை. குற்றமுடையவனுக்குப் பிறரைக் குறைகூறும் தகுதி இல்லை என்னும் கருத்து மட்டும் நிற்கிறது. ஆங்கிலப் பழமொழி எவரையும் நேரே சுட்டாமல் நகைக்கும். உக்ரேனியப் பழமொழியோ எதிரில் நிற்பவனையே இடித்துரைக்கும். எனவே பேசுவோன் யார், கேட்போன் யார் என்பதை ஆராய்ந்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் இதனை ஆளுதல் வேண்டும்.

இத்தகைய மக்கள் வழக்குகளில் 14,000க்கு மேற்பட்டவற்றை மத்வீய் நோமிஸ் என்பார் தொகுத்து 1864ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1876ஆம் ஆண்டில் உருசியப் பேரரசு, உக்ரேனிய மொழியில் மொழிபெயர்ப்பு நூல்களை அச்சிடுதலைத் தடைசெய்தது. 1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. அச்சிற்கு விலங்கு பூட்டப்பட்ட அக்காலத்திலும் மக்கள் நாவிற்கு விலங்கு பூட்ட இயலவில்லை. உழவரும் தாய்மாரும் பழமொழிகளைத் தம் பேச்சில் வைத்துக் காத்தனர். பின்வந்த மொழிபெயர்ப்பாளர்க்கு அதுவே குறையாத கருவூலமாயிற்று.

சொல்லை மட்டும் பெயர்த்துப் பொருளைக் கைவிடும் மொழிபெயர்ப்பு, முகம் வேறும் அகம் வேறுமாய் நிற்கும். பாசாங்கைப் பழிக்கும் பழமொழியே பாசாங்காகிவிடுதல் தகுமோ? ஆதலின் சொல்லின் முகம் மாறினும் அதன் பொருள் மாறாமற் காப்பதே மொழிபெயர்ப்பாளரின் நேர்மையாகும்.