பதினோரு மாசம்தானே!

ட்ரான்ஸ்ஃபர் ஆர்டரை நீட்டிய மேனேஜர், "கொடுத்து வெச்சவன்யா நீ! ராமேஸ்வரம்! கடல், காத்து, கோயில்... ரிட்டயரானவன் போற ஊருக்கு முப்பத்தாறு வயசுலயே போறே!" என்றார். அவர் பாராட்டினாரா, பழி தீர்த்தாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2023 ஜூன். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியிருந்தார்கள். எனவே மினி லாரியில் சாமான்களும், அதன் பின்னால் காரில் நாங்களுமாக ரோடு பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் நீலக் கடல். "அய்யா... சூப்பர்பா!" என்று நாலாம் வகுப்பு மகள் கத்தினாள். மனைவி மட்டும், "ரசிச்சுக்கோங்க. பதினோரு மாசம்தானே!" என்றாள்.

அந்தப் பதினோரு மாசம், வாடகை அக்ரிமென்ட்டிலிருந்து வந்தது. ஓராண்டைத் தாண்டும் வாடகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ம் வருஷத்துச் சட்டம். அதற்குப் பயந்து பிறந்ததுதான் இந்தப் பதினோரு மாதக் கணக்கு. தமிழ்நாட்டில் 2019-ல் அமலான புதுச் சட்டப்படி, மாசக் கணக்கு எதுவானாலும் பதிய வேண்டும். சட்டம் மாறினாலும் ஹவுஸ் ஓனர்கள் வாயில் 'பதினொண்ணு' மட்டும் மாறவில்லை!

முதல் வாரமே கடல் தன் வேலையைக் காட்டியது. ஜாடியில் போட்ட உப்பு மறுநாள் குழம்பாகிவிட்டது. மிக்ஸர் பொட்டலத்தைப் பிரித்துப் பத்து நிமிஷத்தில் சாப்பிடாவிட்டால் பல் இல்லாதவர்களுக்குத் தானம் செய்துவிடலாம். பைக் செயின், கதவுத் தாழ்ப்பாள், ஃப்ரிட்ஜின் அடிப்பாகம் எல்லாவற்றிலும் துரு. மேற்கேயிருந்து அடித்த காற்றில் சாம்பாரில்கூட மணல். "கடலோர வீடு... சினிமாலதாங்க நல்லாருக்கு!" என்றாள் மனைவி.

தண்ணீர்க் கதை தனி. "கிணத்துத் தண்ணி கல்கண்டு சார். ஆனா வாளியில இறைங்க. மோட்டாரை ரொம்ப நேரம் ஓடவிடாதீங்க" என்று ஓனர் எச்சரித்திருந்தார். நான் பட்டணத்துப் புத்திசாலி ஆயிற்றே! மோட்டாரைப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்த்தேன். மறுநாள் காபி... சுக்குக் காபி இல்லை, உப்புக் காபி!

விஷயம் இதுதான்: மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்பு நீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதக்கிறது. மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர். பேராசையோடு உறிஞ்சினால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ராமநாத சுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களில் இன்றும் வாளியால்தான் இறைத்து ஊற்றுகிறார்கள்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது வேறு. ஹாலில் ஒன்பது அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. "எதுக்குப் பிரிச்சு, மறுபடி கட்டி..?" என்பது எங்கள் கொள்கை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மகளிடம், "ஸ்கூல்ல உன் ஃப்ரெண்ட் யாரும்மா?" என்று கேட்டேன்.

"யாருமில்லப்பா. எப்படியும் போயிடப் போறோம்ல?"

எனக்குச் சுருக்கென்றது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் பெட்டிகளைப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ரயிலோடு, ஸ்டேஷனோடு ஒரே ராத்திரியில் அழிந்த ஊர். மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்த இடம். இடிந்த சர்ச் சுவர்களைத் தாண்டினால் ஓலைக் குடிசைகள். மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

மகளுக்குத் தாகம். கொண்டுபோன பாட்டில் காலி. சங்கு விற்றுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர், மணலில் தோண்டியிருந்த சின்ன ஊற்றிலிருந்து அகப்பையால் மொண்டு கொடுத்தார். கூப்பிடு தூரத்தில் கடல். தண்ணீரோ தித்திப்பு!

"ரொம்ப வருஷமா இங்கதானா இருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல தாயி, சும்மா தற்காலிகமாத்தான். எங்க ஆத்தா காலத்துலேர்ந்து!" என்று சிரித்தார் பெரியம்மா. குடிசை வாசலில் தொட்டியில்கூட இல்லை, மணலிலேயே ஒரு கனகாம்பரச் செடி பூத்திருந்தது.

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி அரிவாள்மணையை எடுத்துவந்து முதல் பெட்டியின் கயிற்றை அறுத்தாள். ராத்திரி பதினோரு மணிக்குள் ஒன்பதும் காலி. காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன். (துருப்பிடித்த ஆணிதான்!) அடுத்த வாரம் மகளோடு நாலு வாண்டுகள் வீட்டுக்கு வந்து ஒரு டப்பா முறுக்கைக் காலி செய்தார்கள். நமுத்திருந்ததை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை!

பதினோரு மாசம் இரண்டு வருஷமாக நீண்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து, தீவுக்குள் மறுபடி ரயில் வந்தது. ஜூனில் எனக்கு அடுத்த ஆர்டரும் வந்தது.

"பெட்டியெல்லாம் எங்கே?" என்றேன் மனைவியிடம்.

"அன்னிக்கே பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டாச்சு" என்றவள், கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "போய்ப் புதுசா வாங்கிட்டு வாங்க. ஆனா மெதுவா வாங்க... அவசரமில்லே!"