சுழலும் வளையம்



பாடமொன்றைக் கணினியிற் காண அமர்ந்த பிள்ளை, படம் இடையில் நின்று ஒரு வளையம் மாத்திரம் சுழல்வதைக் கண்டு சோர்ந்திருக்கும் காட்சி இன்று நம் இல்லங்களிற் புதிதன்று. 2020 மார்ச்சு மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது காணொளி வழியே கற்கும் வழக்கம் பரவிற்று. அவை திறந்த பின்னரும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. என் மாணவி ஒருத்தியின் தாயார் இவ்வளையத்தைப் பொறாது, தம் காப்புகளை அடகு வைத்துப் புதிய கணினி வாங்கினார். புதிய கணினியிலும் அதே வளையம் சுழன்றது. பழுது கணினியில் இருக்கவேயில்லை. அதை அறிய ஒரு நிமிட நேரம் போதுமாயிருந்தது, சொல்வாரில்லை.

இணையக் காணொளி முழுப் படமாக ஒரே முறையில் வந்து சேர்வதன்று. சில செக்கன்களுக்குரிய சிறு துண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் முதலிய உலாவிகள் அவற்றைச் சிறிது முன்கூட்டியே பெற்றுச் சேர்த்து வைத்து, பின்னர் விரித்துக் காட்டுகின்றன. வன்னியிலே குளத்து நீரை வாய்க்கால் வழியே வயலுக்கு விடுவது போன்றது இது. குளத்துக்கு நீர்வரத்துக் குறைந்தால் வயல் காயும். வாய்க்கால் தூர்ந்திருப்பின் குளம் நிறைந்திருந்தும் வயல் காயும். இவ்விரண்டில் எது நேர்ந்ததென்று காண்பதே முதல் வேலை.

யூடியூப் படத்தின் அடியில் ஓடும் கோட்டை உற்று நோக்குங்கள். பார்த்து முடித்த பகுதி சிவப்பாகவும், வந்து சேர்ந்து காத்திருக்கும் பகுதி வெளிறிய நிறத்திலும் தோன்றும். வெளிறிய பகுதி சிவப்பின் நுனியைத் தாண்டாது ஒட்டியே நின்றால், குறை இணைப்பில் உள்ளது. அது நன்கு முன்னே சென்றிருக்க, ஒலியும் ஒழுங்காகக் கேட்க, படம் மாத்திரம் தத்தித் தத்தி நகருமாயின், குறை கணினியில் உள்ளது. அவ்வம்மையார் வீட்டில் நேர்ந்தது முதலாவது.

இணைப்புக் குறைக்கு உடனடி மருந்து படத்தின் தரத்தைக் குறைப்பதே. பற்சக்கரக் குறியை அழுத்தினால் 144, 360, 480, 1080 என எண்கள் தோன்றும். கரும்பலகை எழுத்து 480இலேயே பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். இதிற் பணச் சிக்கனமும் உண்டு: செக்கனுக்கு 5 மெகாபிட் வீதம் வரும் படம் ஒரு மணி நேரத்தில் 2.25 கிகாபைட்டை விழுங்கும். 1 மெகாபிட் வீதம் வருவது 450 மெகாபைட்டுடன் அமையும். படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தால் முழுவதும் வந்து சேர்ந்திருக்கும் என்பது பழங்கதை. இன்று உலாவி ஓரளவு தூரமே முன்னோக்கிச் சேர்க்கும். வைஃபைக் கருவிக்கும் கணினிக்கும் இடையே தடித்த சுவர் இருப்பின் கணினியை இடம் மாற்றிப் பார்க்கலாம்.

கணினிக் குறைக்குக் காரணம் வேறு. காணொளி சுருக்கப்பட்டே அனுப்பப்படுகின்றது. 2003இல் வந்த எச்.264 முறையைப் பழைய கணினிகளும் எளிதில் விரிக்கும். 2018இல் வெளியான ஏவி1 முறையோ மிக இறுகச் சுருக்குவது. அதை விரிக்கும் உறுப்பில்லாத கணினி திணறும். தேவையற்ற பக்கங்களை மூடித் தரத்தைக் குறைப்பின் திணறல் தணியும். ஒலி கேட்கப் படம் பச்சையாகவோ கறுப்பாகவோ தோன்றினால், உலாவியின் அமைப்புகளில் ‘ஹார்ட்வெயார் அக்சலரேஷன்’ என்பதை நிறுத்தி, உலாவியை மூடித் திறந்து பாருங்கள்.

படம் தொடங்கவே மறுத்தால், அதே பக்கத்தைத் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே ஓடுமாயின், நீங்கள் சேர்த்துக்கொண்ட நீட்சிகளோ, தேங்கிக் கிடக்கும் பழைய தரவோதான் தடை. ‘ஃபிளாஷ் பிளேயர்’ வேண்டுமென்று ஒரு பக்கம் கேட்டால் இணங்கவே வேண்டாம். அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை 2020 இறுதியிலேயே நிறுத்திவிட்டது. இன்று அதனை இறக்கிக்கொள்ளச் சொல்பவரை நான் ஐயுறுவேன்.

எங்கள் பாடசாலைக் கணினியொன்றிலே எந்தக் காணொளியும் திறக்கவில்லை. இணைப்புப் பாதுகாப்பற்றது என்ற அறிவித்தலே வந்தது. கழிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருந்தோம். பதினோராந் தரத்து மாணவனொருவன் திரையின் மூலையிலிருந்த திகதியைக் காட்டினான். அது பல ஆண்டுகள் பின்னே நின்றது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் திகதி பிழைத்தால் செல்லுபடியான சான்றிதழையும் உலாவி ஏற்காது. உள்ளே கடிகாரத்தை இயக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தது. புதியதை இட்டுத் திகதியைத் திருத்தினோம். படம் ஓடிற்று. பட்டியலிலிருந்து அக்கணினியின் எண்ணை நானே வெட்டிவிட்டேன்.