மெயில் கம்பெனியை மாத்துறீங்களா? ஏ.ஐ. கை கொடுக்கும்; மூட்டைக் கணக்கை நீங்கதான் பார்க்கணும்!

தஞ்சாவூர்:
தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருத்துறைப்பூண்டி பக்கத்து பாரம்பரிய அரிசி... இதெல்லாம் இப்போ கடை வாசலில் மட்டும் விற்கிற சரக்கு கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இ-மெயில் அனுப்பி ஆர்டர் பிடிக்கிற வியாபாரிகளும் டெல்டாவில் உண்டு.

இவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி, மெயில் அனுப்பும் கம்பெனியை மாற்றுவது. கட்டணம் ஏறிவிடும், இலவச அளவு குறைந்துவிடும், சில சமயம் சேவையையே மூடிவிடுவார்கள். மெயில்சிம்ப் கம்பெனியின் 'டைனிலெட்டர்' சேவை 2024 பிப்ரவரி 29-ந் தேதியோடு மூடப்பட்டது. அரசாங்கமும் மாறுகிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் இ-மெயில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ கம்பெனியின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது.

மாறும்போது பழைய மெயில் மாதிரிகளையும் கையோடு கொண்டு போகணும். அந்த வேலையைத்தான் இப்போ சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மாதிரி ஏ.ஐ. உதவியாளர்கள் நிமிஷத்தில் முடித்துக் கொடுக்கின்றன. ஆனால் அப்படியே நம்பி அனுப்பினால் ஆபத்து!

மெயில் மாதிரி என்றால் என்ன?

கல்யாணப் பத்திரிகை கவரில் "திரு............... அவர்களுக்கு" என்று இடம் விட்டு அச்சடிப்போம் இல்லையா? அதே சங்கதிதான். "ஆர்டர் கிடைத்தது", "பார்சல் கிளம்பிவிட்டது", "பாக்கி இவ்வளவு" என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பெயரையும் தொகையையும் கம்ப்யூட்டரே நிரப்பி ஆயிரம் பேருக்கும் அனுப்பிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் காலி இடத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறி வைத்திருக்கிறது. மெயில்சிம்ப்பில் நட்சத்திரமும் நெட்டுக்கோடும். ஜோஹோ கேம்பைன்சில் டாலர் குறியும் சதுர அடைப்பும். பிரெவோவில் இரட்டை நெளிவு அடைப்பு. ஒரு இடத்துக் குறி இன்னொரு இடத்தில் செல்லாது. மாற்றாமல் அனுப்பினால், "அன்புள்ள முருகேசன்" என்று போக வேண்டிய மெயில் "அன்புள்ள எப்நேம்" என்று போய் நிற்கும். மானம் போய்விடும்!

30, 40 மெயில் மாதிரி இருந்தால் இதைக் கையால் மாற்ற நாள் கணக்கில் ஆகும். ஏ.ஐ.யிடம் பழைய மாதிரியை ஒட்டி, "இதை இந்தக் கம்பெனி முறைக்கு மாத்து" என்றால் சட்டென்று மாற்றித் தரும். கட்டம், நிறம், பட்டன் எல்லாம் புது இடத்துக்கு ஏற்ற மாதிரி சரி செய்யும். இதில் அது கெட்டிதான்.

மா என்றால் மாம்பழமா?

கோளாறு வருவது வேறு இடத்தில். குறியை மட்டும் மாற்றச் சொன்னால், "நல்லா எழுதித் தர்றேன்" என்று வாசகத்திலும் கை வைக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இங்கிலீஷில் கேட்டால் இன்னும் மோசமாகலாம்.

நம்ம பக்கத்தில் 'மா' என்றால் 100 குழி, 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. இது டெல்டாவில் சின்னப் பையனுக்கும் தெரியும். ஏ.ஐ.க்கு மாம்பழமாகவோ, இடித்த மாவாகவோ தெரிந்தால் அது ஆச்சரியம் இல்லை.

'மூட்டை' அதைவிட ஆபத்து. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை என்றால் 40 கிலோ. தனியார் வியாபாரியிடம் 60 கிலோ கணக்கும் உண்டு. குவிண்டால் என்றால் 100 கிலோ. அரிசியாக வாங்கினால் 25 கிலோ சிப்பம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ மூட்டையும் கடைக்கு வந்துவிட்டது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. "மூட்டை விலை இவ்வளவு" என்ற ஒரு வரியில் ஏ.ஐ. தானாக ஒரு கிலோ கணக்கைச் சேர்த்துவிட்டால்? ஒரே பட்டனில் ஆயிரம் பேருக்குப் போய்விடும். நஷ்டம் யாருக்கு? நெல்லை விளைவித்த விவசாயிக்கும் அதை விற்றுக் கொடுக்கிற உழவர் குழுவுக்கும்தான். பாங்க் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் புரண்டாலும் இதே கதிதான்.

பழைய பாண்ட், பழைய பிரச்சினை

தஞ்சை டி.டி.பி. சென்டர்காரர்களுக்கு இந்த மாதிரி மாற்றம் புதுசு இல்லை. பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு பாண்டில் டைப் அடித்த காலம் ஒன்று இருந்தது. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பைதான் தெரியும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணை போட்டது.

உங்க பழைய மெயில் மாதிரி இன்னும் அந்தப் பாண்டில் இருந்தால் அதை ஏ.ஐ.யிடம் கொடுக்காதீங்க. அது யூகம் பண்ணி எழுதும், பத்து வார்த்தைக்கு ஒன்று தப்பினாலும் தெரியாது. என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி சாப்ட்வேர் எழுத்துக்கு எழுத்து விதிப்படி மாற்றும். முதலில் அதில் மாற்றிவிட்டு அப்புறம் ஏ.ஐ.யிடம் போங்க.

தமிழ் மெயிலுக்கு இன்னொரு கண்டமும் இருக்கிறது. ஜிமெயில், 102 கே.பி.க்கு மேல் போகும் மெயிலின் வாலை வெட்டிவிடும். 'தஞ்சாவூர்' என்று இங்கிலீஷில் எழுதினால் 9 பைட். அதையே தமிழில் எழுதினால் 27 பைட், அதாவது 3 மடங்கு! ஏ.ஐ. தேவையில்லாத அலங்காரத்தைச் சேர்த்து நீட்டிவிட்டால், கடைசியில் இருக்கும் உங்க விலாசமும் "இனி மெயில் வேண்டாம்" என்ற பட்டனும் மறைந்துவிடும். ஒரு நாளைக்கு 5 ஆயிரத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள், ஒரே கிளிக்கில் விலகும் வசதி கட்டாயம் வைக்கணும்.

என்ன செய்யணும்?

* ஒரே மூச்சில் எல்லாத்தையும் ஒட்டாதீங்க. ஒவ்வொரு மாதிரியாகக் கொடுங்க.

* "வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே, குறியை மட்டும் மாத்து, எதை மாத்தினே என்று பட்டியல் போடு" என்று தெளிவாகச் சொல்லுங்க. பட்டியல் வந்தாலும் பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து நீங்களே படிச்சுப் பாருங்க.

* விலை, எடை, பாங்க் எண் மூன்றையும் ஏ.ஐ.க்குக் கொடுக்கவே வேண்டாம். இடம் விட்டுக் கொடுத்து, கடைசியில் நீங்களே பழைய மெயிலில் இருந்து காப்பி எடுத்து ஒட்டுங்க.

* வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் பட்டியலை ஒட்டவே கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமும், 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வந்தாச்சு.

* படங்களைக் கவனிங்க. மெயிலில் தெரியும் பொம்மை படம் பெரும்பாலும் பழைய கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அங்கே கணக்கை மூடினால் படம் போய் வெறும் கட்டம்தான் மிஞ்சும். எல்லாப் படத்தையும் புது இடத்தில் ஏற்றின பிறகே பழசை மூடுங்க.

* உங்களுக்கே அனுப்பி, செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பாருங்க. பெயர் பதிவாகாத வாடிக்கையாளருக்கு எப்படிப் போகும் என்பதையும் சோதிக்கணும். அப்புறம் 20 பேருக்கு, பிறகு எல்லோருக்கும்.

களத்து மேட்டில் நெல்லைத் தூற்றுவதற்கு மெஷின் வந்தாச்சு. ஆனாலும் தராசு முள்ளை விவசாயி குனிஞ்சு பார்க்காமல் மூட்டையைத் தைக்க விடுவது கிடையாது. மெயிலுக்கும் அதே கதைதான். மாற்றுகிற வேலை ஏ.ஐ.க்கு. 'அனுப்பு' பட்டனை அமுக்குவதற்கு முன்னாடி கடைசியாகப் படிக்கும் கண், மூட்டை எத்தனை கிலோ என்று தெரிந்தவருடையதாக இருக்கணும்.