தொலைவில் மருத்துவர், அருகில் ஒருவர்

காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுகிற நாம், மனம் நோயுற்றால் மட்டும் மாதங்களை, சில வேளைகளில் ஆண்டுகளையே கடத்திவிடுகிறோம். வெட்கம் ஒரு காரணம்தான். ஆனால் வெட்கத்தை மட்டுமே குறைசொல்வது நியாயமாகாது. ஒரு நாள் கூலியை இழந்து, வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நோயாளியைப் பேருந்தில் ஏற்றி, மாவட்டத் தலைநகர் வரை அழைத்துச்சென்று திரும்புவது எளிய குடும்பங்களுக்குப் பெரும்பாடு. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில், நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமலேயே இருப்பதாகவும் அது தெரிவித்தது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே தொலைவழி மனநல மதிப்பீடு. இது கொரோனா காலத்தில் பிறந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. 1959ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருவழித் தொலைக்காட்சி வழியாக மனநலச் சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். நம் மாநிலத்தில், சென்னையிலுள்ள 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள்ளேயே ஒரு சிறு அறை, அதில் ஒரு திரை, பக்கத்திலேயே மருந்தகம். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில் சென்னையில் அமர்ந்திருந்த மருத்துவர், கிராமத்து நோயாளியோடு திரை வழியே பேசினார். அவர் எழுதிய மருந்துச்சீட்டு பேருந்திலேயே அச்சாகி வந்தது. மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைத்தது.

இதைக் கேட்டவுடன் நம் கண்ணுக்குத் தெரிவது திரைதான். ஆனால் அந்தத் திட்டத்தைத் தாங்கி நின்றவர்கள் ஊர் ஊராய்ச் சென்று வீட்டுக் கதவைத் தட்டிய உள்ளூர்ப் பணியாளர்கள். யார் வீட்டில் ஒருவர் பல நாளாக வெளியே வரவில்லை, யார் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று அறிந்து, நோயாளியைக் கைப்பிடித்து அழைத்துவந்து திரைக்கு முன் அமரவைத்தவர்கள் அவர்களே.

ஒரு மனநல மதிப்பீட்டில் என்ன நடக்கிறது? மருத்துவர் நோயாளியின் தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ணங்களின் ஓட்டம், நினைவாற்றல், தன் நிலையைப் பற்றிய உணர்வு ஆகியவற்றைக் கவனிக்கிறார். இவற்றில் பெரும்பாலானவற்றைத் திரை வழியாகவே பார்க்கவும் கேட்கவும் முடியும். ஆனால் மேசைக்கு அடியில் நடுங்கும் கைகளைத் திரை காட்டாது. மதுவின் வாடையை அது உணர்த்தாது. இரத்த அழுத்தத்தை அளக்காது. தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தாலும் மனச்சோர்வு போன்ற அறிகுறிகள் தோன்றும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். ஆகவேதான் நோயாளியின் அருகில் ஒரு செவிலியரோ பயிற்சி பெற்ற பணியாளரோ வேண்டும். குடும்பத்தின் பின்னணியை மனநல சமூகப் பணியாளர் விசாரிக்கிறார். உளவியல் சோதனைகளை மருத்துவ உளவியலாளர் நடத்துகிறார். பின்னர் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்றுதான் நம் மக்கள் சொல்வார்கள். எனக்கு மனச்சோர்வு என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சொற்களின் பின்னால் இருப்பதை முதலில் புரிந்துகொள்பவர், பெரும்பாலும் அதே ஊர்ப் பேச்சைப் பேசும் பணியாளராகவே இருப்பார்.

குழந்தைகளின் காரியம் இன்னும் கடினம். ஐந்து வயதுப் பிள்ளை திரைக்கு முன் எத்தனை நிமிடம் உட்காரும்? அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்பதை விட, தரையில் பொம்மைகளைப் பரப்பி அவன் தாயோடு விளையாடுவதை மருத்துவர் பார்க்கும்படி செய்வதே பயன்தரும். பெற்றோரிடம் தனியாகப் பேச வேண்டும். வகுப்பு ஆசிரியரின் கருத்தையும் கேட்க வேண்டும். வீட்டில் சாதுவாக இருக்கும் பிள்ளை பள்ளியில் ஓரிடத்தில் நில்லாமல் இருக்கக்கூடும். பேச்சு தாமதமான குழந்தைக்கு முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். அதை நேரில்தான் செய்ய முடியும். பதின்வயதினரோ சில வேளைகளில் நேரில் சொல்லாததைத் திரையில் சொல்லிவிடுகிறார்கள். சிறாரோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல். அப்பெரியவர் ஒவ்வொரு கேள்விக்கும் தாமே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை வாயே திறக்காது.

பெரியவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரே அறை கொண்ட வீட்டில், கணவனும் மாமியாரும் சுற்றி நிற்க, ஒரு பெண் தன் மனத்தை எப்படித் திறப்பாள்? காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் பதில் சொல்லும்படி மருத்துவர் கேள்விகளை அமைக்கலாம். அதைவிட நல்லது, வீட்டுக்கு வெளியே கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. நம் பங்குகளில் மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் வாரம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை!

இரகசியத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்துக்கு விதிவிலக்கே இல்லை என்பதை நாம் அறிவோம். மருத்துவ இரகசியம் அத்தகையது அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற நிலைகளில் தேவையான அளவு மட்டும் வெளிப்படுத்த இடம் தருகிறது. இதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவிடுவது நல்லது.

திரைக்கு ஒவ்வாத நேரங்களும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர், பிறரைத் தாக்கும் நிலையில் இருப்பவர், காய்ச்சலோடு திடீரென்று பிதற்றத் தொடங்கிய முதியவர் ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும். அப்போது 108க்கு அழைக்க வேண்டுமேயன்றி, காணொளி இணைப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல், 28 பேர் மாண்டார்கள். நோயாளிகளை இத்தகைய இடங்களில் விட்டுச்செல்லும் உறவினர் எல்லாரும் அன்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வேறு எங்கே போவது என்று பலருக்கும் தெரிவதில்லை. இதில் எச்சமயத்தவரும் விலக்கல்லர். செபக்கூட்டத்துக்கு வந்தபின் மாத்திரையை நிறுத்திவிட்டு, நோய் முற்றித் துன்புறுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. செபிக்க வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள், அவ்வளவே. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் சட்டம் முற்றிலும் தடைசெய்துள்ளது.

இன்று யாரும் தொடங்கக்கூடிய இடம், 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய 'டெலி-மானஸ்' சேவை. 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால், கட்டணமின்றி, இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவையானால் மனநல வல்லுநரிடம் இணைப்பார், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். அழைக்கும்முன், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, உணவு எப்படி என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பேசத் தெரியாத முதியவர் அடுத்த வீட்டில் இருந்தால், எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு, அவர் விரும்பினால் அருகில் இருங்கள். விரும்பாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே அமர்ந்திருங்கள்.