இழுக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும்

1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தார் விந்தையான ஒரு விளம்பரம் செய்தனர். ஆல்பிரட் லெட்டூர்னர் என்னும் பிரெஞ்சுச் சைக்கிள் வீரர், அந்நிறுவனத்தின் அலுமினிய வீட்டுவண்டி ஒன்றைத் தம் சைக்கிளிலே கட்டி இழுத்துக் காட்டினார். வண்டி எவ்வளவு இலேசானது என்பதை மக்களுக்கு அறிவிப்பதே விளம்பரத்தின் நோக்கம். ஆயின், அதனால் விளங்கும் உண்மை வேறொன்றும் உண்டு. சமதரையிலே, நல்ல சக்கரங்களின்மீது நிற்கும் பாரத்தை உருட்டிச் செல்வதற்குப் பெருவலிமை வேண்டுவதில்லை. மனிதனின் இரண்டு கால்களே போதும். அதே வண்டி சரிவில் இறங்கும்போது அதனை நிறுத்தவும், பக்கக் காற்றில் அலையும்போது அடக்கவும் சைக்கிள் போதுமா? போதாது என்பதைச் சிறுவரும் அறிவர்.

இக்கேள்வியே இன்றைய அமெரிக்க நெடுஞ்சாலைகளில் உயிர்காக்கும் கேள்வியாக உள்ளது. அங்கே விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் பலர், படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த்தொட்டி அனைத்தும் அமைந்த வீட்டுவண்டியைத் தங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டிச் செல்கின்றனர். பெரிய வீட்டுவண்டி 28 அடி நீளம் இருக்கும். பொருள்களை ஏற்றிய பின் அதன் எடை 7,500 ராத்தலை, அஃதாவது ஏறத்தாழ 3,400 கிலோவை எட்டும். இழுக்கும் வண்டியோ பெரும்பாலும் "அரை டன்" எனப்படும் இலகு வகை. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. அரை டன் என்பது முற்காலத்தில் அவ்வண்டிகள் சுமந்த பாரத்தைக் குறித்த பெயர். இக்கால வண்டிகள் அதனினும் மிகுதியாகச் சுமக்கின்றன. பெயர் மட்டும் மாறவில்லை.

பிக்கப் வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது, "இது எவ்வளவு இழுக்கும்?" என்பதே. "10,000 ராத்தல்" என்று விடை வந்தால், 7,500 ராத்தல் வீட்டுவண்டி தாராளமாகப் போகும் என்று மகிழ்கின்றனர். ஆனால், இழுப்பது மூன்று கடமைகளுக்குப் பின்னால் நிற்கும் நான்காம் கடமை. தாங்குதல், நேராகச் செல்லுதல், நிற்றல் என்னும் மூன்றும் அதற்கு முற்பட்டவை.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் நன்கு தெரியும். அச்சுக்கு முன்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து, கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். அறிந்த வண்டிக்காரர் மூட்டைகளை அடுக்கும்போதே சிறிது முன்பாரம் இருக்குமாறு பார்த்துக்கொள்வார்.

வீட்டுவண்டிக்கும் இதுவே விதி. அதன் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு முன்பாரமாக இணைப்புக் குண்டின்மீது இறங்கவேண்டும். அதற்குக் குறைந்தால் வண்டியின் பின்புறம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் ஏற ஏற அந்த ஆட்டம் தானே அடங்கும் தன்மை குறைந்துகொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்துவிட்டால் ஆட்டம் அடங்காது. ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகி, பிக்கப்பையும் சேர்த்துச் சாலையிலே கவிழ்த்துவிடும். பெரிய லாரி ஒன்று விரைந்து கடக்கும்போது எழும் காற்றே இதனைத் தொடங்கி வைக்கப் போதும். இருநூறு சதுர அடிக்கு மேற்பட்ட பக்கச் சுவர் காற்றுக்குப் பாய்மரம் போன்றது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்யத்தக்கது யாது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வீட்டுவண்டியின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கவேண்டும். பின்னால் இருப்பது மெதுவானால் இணைப்பு இறுகி, வண்டி நேராகும். பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டீயரிங்கை மாறி மாறித் திருப்புவதும் ஆட்டத்தைப் பெருக்கும்.

கதவருகே ஒட்டிய சீட்டு

முன்பாரம் வேண்டும் என்றோம். அப்பாரத்தைச் சுமப்பது யார்? பிக்கப் வண்டிதான். இங்கேதான் பலருடைய கணக்கு தவறுகிறது.

அமெரிக்காவில் விற்கப்படும் பிக்கப் ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவுநிலையில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை ராத்தலைத் தாண்டக்கூடாது என்பதை அது கூறும். ஒரே பெயருடைய இரண்டு வண்டிகளிலும் இந்த எண் ஒன்றாக இராது. சொகுசு இருக்கை, கூரைக் கண்ணாடி முதலியவை கூடக்கூட, சுமக்கும் அளவு குறையும். விளம்பரத்தில் காணும் எண்ணைவிடக் கதவில் காணும் எண்ணே மெய்யானது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். சீட்டில் உள்ள எண் 1,600 ராத்தல். தந்தை 200, தாய் 160, பிள்ளைகள் இருவர் 180, ஆக 540. பின்தட்டில் ஏற்றிய சைக்கிள், விறகு, கருவிகள் 200. இணைப்புச் சாதனம் 100. மொத்தம் 840. எஞ்சுவது 760. வீட்டுவண்டி 7,500 ராத்தல். நூற்றுக்கு 13 பங்கு முன்பாரம் என்றால் 975. எஞ்சிய அளவைவிட 215 ராத்தல் மிகுதி! பத்தாயிரம் இழுக்கவல்ல வண்டி, அதன் முக்கால் பங்கிலேயே தோற்றுவிடுகிறது. 760 ராத்தல் முன்பாரத்துக்கு ஏற்ற வீட்டுவண்டி ஏறத்தாழ 5,850 ராத்தல் எடையுள்ளதே.

அவ்வாறாயின் பத்தாயிரம் என்னும் எண் பொய்யா? அன்று. எஸ்.ஏ.இ. என்னும் பொறியியலாளர் அமைப்பு 2008இல் ஜே 2807 என்ற தேர்வுமுறையை வெளியிட்டது. அரிசோனா மாநிலத்து டேவிஸ் அணைக்கு அருகில் 11.4 மைல் நீளமுள்ள ஏற்றத்தில், கடும் வெயிலில், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்க, இவ்வகைப் பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறவேண்டும். பிரேக், கட்டுப்பாடு ஆகியவற்றுக்கும் அதில் தேர்வு உண்டு. ஆனால், அக்கணக்கில் வண்டியில் இருப்போர் இருவர். ஆளுக்கு 150 ராத்தல். பிள்ளைகளும் சைக்கிளும் விறகும் அதில் இல்லை.

மயிலிறகேயானாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற கருத்தை வள்ளுவர் "வலியறிதல்" அதிகாரத்தில் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

நெம்புகோல் கணக்கு

முன்பாரம் பிக்கப்பின் வால்முனையில் இறங்குவதால் வேறொரு விளைவும் உண்டு. பின் அச்சுக்கு 4 அடி பின்னால் இணைப்புக் குண்டு இருப்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடையே 12 அடி இருப்பதாகவும் கொள்வோம். பின் அச்சே இங்கு நெம்புகோலின் தாங்குபுள்ளி. குண்டின்மீது 975 ராத்தல் அழுத்தினால், முன் அச்சிலிருந்து அதில் மூன்றிலொரு பங்காகிய 325 ராத்தல் தூக்கப்படும். பின் அச்சிலோ 1,300 ராத்தல் கூடும். திருப்பவேண்டிய முன்சக்கரங்கள் இலேசாகி, தரையைப் பற்றும் வன்மையை இழக்கும். இரவில் முகப்பு விளக்குகள் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இதற்குப் பாரம் பகிரும் இணைப்பு என்னும் சாதனம் உண்டு. வில்போன்ற இரண்டு எஃகுக் கம்பிகள் இணைப்பிலிருந்து புறப்பட்டு, வீட்டுவண்டியின் சட்டத்தின்கீழ் இழுத்து மாட்டப்படும். அவற்றின் விறைப்பு பிக்கப்பின் வாலைத் தூக்கி, பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், ஒரு பகுதியை வீட்டுவண்டியின் அச்சுகளுக்கும் அனுப்பும். ஆனால், இச்சாதனம் கதவுச் சீட்டின் எண்ணை உயர்த்துவதில்லை. மேலே கண்ட 215 ராத்தல் குற்றத்தை இதனால் கழுவ இயலாது.

நிறுத்தும் வழி

வேகம் கூடினால் ஆற்றல் அதன் இருமடியாகக் கூடும். மணிக்கு 50 மைலுக்கும் 70 மைலுக்கும் உள்ள வேறுபாடு 25க்கும் 49க்கும் உள்ள வேறுபாடு, ஏறத்தாழ இருமடங்கு. இவ்வாற்றல் முழுவதையும் பிக்கப்பின் பிரேக்குகள் மட்டும் உண்ண முடியாது. ஆதலின், அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 3,000 ராத்தலுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். ஓட்டுநர் அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தால் அதனை இயக்குகிறது. இணைப்பு அறுந்துவிட்டால், ஒரு கம்பி இழுபட்டு, வீட்டுவண்டியிலுள்ள மின்கலமே அதன் பிரேக்கைப் பிடித்துவிடும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் இணைப்பின் அடியில் குறுக்கே மாற்றிப் பூட்டவேண்டும். முன்முனை கழன்று விழுந்தாலும் அவை தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும்.

நெடிய இறக்கத்தில் பிரேக்கை விடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கம் தொடங்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைத் தடுக்குமாறு செய்தல் வேண்டும். டிரெய்லர் டயர்களுள் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடத்தக்கன அல்ல. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்போருக்குச் சட்டம் விதிக்கும் எல்லையே 55 மைல்தான்.

நிறுத்துப் பார்த்தல்

விற்பனைத் தாளில் காணும் வெறும் எடையை நம்பிக் கணக்கிடுவது அறிவுடைமையாகாது. அமெரிக்க காலன் தண்ணீர் ஒன்று 8.3 ராத்தல், 40 காலன் தொட்டி நிறைந்தால் 330 ராத்தலுக்கு மேல். அத்தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன்பாரம் குறையும். முன்னால் இருந்தால் கூடும். உணவு, பாத்திரம், துணிமணி எல்லாம் தனித்தனியே சிறியவை, சேர்ந்தால் பெரியவை.

இதற்கு எளிய வழி, பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், குடும்பத்தாரோடு, நெடுஞ்சாலை எடைமேடையில் நிறுத்துப் பார்ப்பதே. லாரிகள் தங்கும் நிலையங்களில் இத்தகைய மேடைகள் உண்டு. பிக்கப்பின் முன் அச்சு, பின் அச்சு, வீட்டுவண்டியின் அச்சுகள் ஆகிய மூன்றின் எடையும் தனித்தனியே தெரிந்துவிடும். வீட்டுவண்டியைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பை மட்டும் மீண்டும் நிறுத்தால், எவ்வளவு பாரம் அதன்மீது இறங்கியது என்பதும் விளங்கும்.

எண் மிகுதியாக வந்தால் பொருளைக் குறைக்கலாம். தண்ணீரைப் போகுமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். அதுவும் போதாதெனில் சிறிய வீட்டுவண்டியோ பெரிய பிக்கப்போ தேடலாம். குறைக்கத்தகாதது ஒன்றே: முன்பாரம். கணக்கைச் சரிசெய்வதாக எண்ணிப் பாரத்தைப் பின்னால் தள்ளுவோர், சுமைக் குற்றத்துக்கு அஞ்சி ஆட்டக் குற்றத்தை வரவழைத்துக்கொள்கின்றனர். பாரம் குறைய வேண்டுமே தவிர, இடம் மாறலாகாது.