கழுத்து வலியும் எலும்பிணைப்பு அறுவை மருத்துவமும்

‘எண்சாண் உடம்பிற்குத் தலையே பிரதானம்’ என்பது பழமொழி. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள அத்தலையை நாள் முழுதும் தாங்கும் கழுத்தினையோ வலி வந்த பின்னரே நாம் எண்ணிப் பார்க்கின்றோம். விடைத்தாள்களின் மேல் கவிழ்ந்திருக்கும் ஆசிரியர்க்கும், நூலின் மேலும் கைப்பேசியின் மேலும் கவிழ்ந்திருக்கும் மாணவர்க்கும் கழுத்து வலி புதிதன்று. ‘சிறு துளையிட்டே குணப்படுத்திவிடலாம்’ என்னும் சொல்லும் இன்று அடிக்கடி நம் காதில் விழுகின்றது. அம்மருத்துவம் யாது, யாருக்கு உரியது என்பதை ஈண்டுக் காண்போம்.

கழுத்தின் அமைப்பு

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. தலையைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி, முதலிரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நிகழ்கின்றது. அவற்றிற்குக் கீழே, எலும்புகளுக்கு இடையே வட்டுகள் அமைந்துள்ளன. வட்டின் புறத்தே உறுதியான நார் வளையமும், அகத்தே நுங்கு போன்ற மென்பொருளும் இருக்கும். வயது ஏற ஏற வட்டு நீர் வற்றிச் சுருங்குகின்றது. சில வேளை பிதுங்கவும் செய்கின்றது. எலும்பின் ஓரங்களிலும் முளைகள் தோன்றுகின்றன. இவை நரம்பு வேரை அழுத்தினால் வலி தோளிலிருந்து விரல் வரை பரவும்; கை மரத்துப் போகும். தண்டுவடத்தையே அழுத்தினால் கைகால்களின் இயக்கம் குன்றும்.

அறுவையின் முறை

பாதிக்கப்பட்ட வட்டினை முன்கழுத்தின் வழியாக அகற்றி, அவ்விடத்தில் எலும்புத் துண்டினை வைத்து இரண்டு எலும்புகளையும் ஒன்றாக்கும் முறையை, அமெரிக்க மருத்துவர்களான ஸ்மித், ராபின்சன் ஆகிய இருவரும், கிளோவர்டு என்பாரும் 1950களில் வகுத்தனர். அக்காலத்தில் அத்துண்டு பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கப்பட்டது. இன்று கொடையாகப் பெற்ற எலும்பும், செயற்கைப் பொருளாலான சிறு கூடுகளும் பயன்படுகின்றன. அவற்றை நிலைநிறுத்த உலோகத் தகடும் திருகுகளும் பொருத்தப்படுகின்றன.

கழுத்து மடிப்பிலேயே சில சென்டிமீட்டர் நீளத்திற்குக் கீறி, தசைகளைப் பெரிதும் வெட்டாமல் விலக்கி, நுண்ணோக்கியின் துணையுடன் இதனைச் செய்கின்றனர். பின்கழுத்தின் வழியாகச் செய்யும்போது மெல்லிய குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தித் தசைநார்களை விலக்கும் முறையும் உண்டு. கீறல் சிறிதாயின் குருதியிழப்பும் தசைச் சிதைவும் குறையும் என்பதே இவற்றின் நோக்கமாகும்.

யாருக்கு உரியது?

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. வலியின் மிகுதி மட்டும் அறுவைக்கு அளவுகோல் அன்று. நரம்பின் நிலையே முதன்மையான அளவுகோல். நரம்பு வேர் அழுத்தத்தால் வரும் வலி, மருந்தாலும் உடற்பயிற்சியாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோர்க்குத் தணிந்துவிடுகின்றது. அவ்வாறு தணியாதவர்க்கும், கைவலிமை குன்றி வருபவர்க்கும் அறுவை நல்ல பயன் தருகின்றது. நரம்பழுத்தம் ஏதுமின்றிக் கழுத்தில் மட்டும் வலி உள்ளவர்க்கு அதன் பயன் உறுதியற்றது. வலியே இல்லாத நடுவயதினர் பலரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் வட்டுத் தேய்மானம் காணப்படும். எனவே படத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் தகாது.

மறுபுறம், வலி மிகுதியாக இல்லாமலேயே சட்டைப் பொத்தானை மாட்ட இயலாமை, கையெழுத்துச் சிதைதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தோன்றுமாயின், அவை தண்டுவடம் நெரிபடுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் காலந்தாழ்த்துதல் கூடாது. இழந்த ஆற்றல் முழுதும் மீளாமற் போகவும் கூடும்.

பின்விளைவுகள்

அறுவைக்குப் பின் விழுங்குதலில் இடர்ப்பாடும் குரல் கம்முதலும் சிலர்க்குத் தோன்றும். பெரும்பாலும் அவை நாளடைவில் நீங்கும். எலும்புகள் முற்றாக இணைய மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். புகைபிடித்தல் அவ்விணைப்பைத் தடை செய்யும். இணைந்த இடம் பின்னர் அசையாது. அதனால் அடுத்துள்ள வட்டுகளின் மேல் பளு கூடக்கூடும். அறுவை செய்துகொண்டவர்களுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 விழுக்காட்டினர்க்கு அடுத்த இடத்தில் புதிய தொல்லை தோன்றியதாக 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. அசைவைக் காக்கும் செயற்கை வட்டுகள் பின்னர் வந்தன. எனினும் அவை எல்லார்க்கும் பொருந்துவன அல்ல.

ஆகவே, ‘கீறல் எவ்வளவு சிறியது?’ என்பதற்கு முன்னர் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: ‘எந்த நரம்பு அழுத்தப்படுகின்றது? எம் தொல்லைகள் அதனோடு ஒத்துள்ளனவா? காத்திருந்தால் நன்மையா, தீமையா?’ கீறல் சிறிதாயினும், இணைத்த எலும்பினை மீண்டும் பிரித்தல் எளிதன்று. வலி கண்டு விரைதலும் வேண்டா. வலியில்லை என்று வாளாவிருத்தலும் வேண்டா. அறிந்து தெளிந்து முடிவெடுத்தலே நலம் பயக்கும்.